மதியம் மூன்று மணிக்கு அங்கே என்ன செய்வோம்?

நிச்சயம் முடிந்த பத்தாம் நாள், தேனிலவுக்கு எங்கே போவது என்று எனக்கு நிச்சயித்த மாப்பிள்ளை போனில் கேட்டார். "வர்க்கலாவா, கோகர்ணமா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடு. லீவு எழுதிக் குடுக்கணும்."

முதலாவது கேரளத்துக் கடற்கரை ஊர், அடுத்தது கர்நாடகத்தில். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சாப்பிட்டாச்சா, ஷிஃப்ட் முடிஞ்சுதா என்கிற அளவுதான். எனக்குப் பாலக்கோடு. அவருக்குக் காவேரிப்பட்டணம், வேலை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில். இரண்டு ஊருக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் பக்கம் தண்ணீர் பார்க்கப் போவது என்றால் ஒகேனக்கல். எண்ணெய் தேய்த்துக் குளி, மீன் வறுவல் தின்னு, பரிசலில் ஒரு சுற்று போ, பஸ்ஸைப் பிடி. கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கே.ஆர்.பி. அணை. நான் அதற்குமுன் கடலைப் பார்த்தது இரண்டே முறை. பள்ளிச் சுற்றுலாவில் மெரினா, திருச்செந்தூர் போய்விட்டுத் திரும்பும் வழியில் கன்னியாகுமரி. இரண்டு முறையும் "நேரமாச்சு, ஏறுங்க" என்று யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள். யாரும் கத்தாத ஒரு கடற்கரையில் உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதை அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால் "கோகர்ணம்" என்று மட்டும் சொன்னேன்.

கோகர்ணம் என் கல்லூரித் தோழி போய்வந்த இடம். குன்றின் மேல் நின்று எடுத்த ஓம் கடற்கரைப் படம் ஒன்று அனுப்பியிருந்தாள். இரண்டு அரைவட்டமாகக் கரை வளைந்து, நடுவில் பாறை நீட்டிக்கொண்டு, பெயருக்கு ஏற்ற மாதிரி ஓம் எழுத்து போலவே இருக்கும். அவர் வர்க்கலா சொன்னதற்கும் காரணம் அவ்வளவுதான். அவரோடு வேலை பார்க்கும் கொல்லத்துக்காரர் ஒருவர், "எங்க ஊர்ப் பக்கம் வா, மலை மேலே நின்னு கடல் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டாராம். ஆக, இரண்டு பேரும் அடுத்தவர் கண்ணால்தான் இடம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெரியவர்கள் இதில் புகுந்தது தனிக் கதை. வர்க்கலா கடற்கரைக்குப் பாபநாசம் என்று ஒரு பெயர் உண்டு. ஆடி அமாவாசையை மலையாளிகள் கர்க்கடக வாவு என்பார்கள். அன்றைக்கு முன்னோருக்குத் திதி கொடுக்க அங்கே கூட்டம் நெரியும். இதை அம்மா எப்படியோ கேள்விப்பட்டு, "தாலி கட்டின கையோட திதி குடுக்கிற கரைக்கா போவீங்க?" என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். மாமா கோகர்ணத்துக்கு ஓட்டுப் போட்டார். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம், துளுவ நாட்டில் பாடல் பெற்றது அது ஒன்றுதான் என்றார். அவருடைய அம்மா, அதாவது என் அத்தைக்குப் பெருமாள்தான் எல்லாம். வர்க்கலாவில் ஜனார்த்தன சுவாமி கோயில் இருக்கிறது என்று அவர் சொன்னதும், "பெருமாள் இருக்காரில்ல, அப்ப போங்க" என்று அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பிறகு நானே விசாரித்ததில் தெரிந்தது, முன்னோர் காரியம் செய்வதற்குக் கோகர்ணமும் பேர்போன ஊர்தான். அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

கல்யாணம் ஆனி மாதம். முகூர்த்தம் முடிந்த நாலாம் நாளே கிளம்பிவிடலாம் என்பது எங்கள் திட்டம். அந்தக் கொல்லத்துக்காரர்தான் கெடுத்தார், அதாவது காப்பாற்றினார். "ஜூன், ஜூலையில வந்தா கடலைப் பார்க்கலாம், கால் வைக்க முடியாது" என்றார். தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் இறங்கி அப்படியே வடக்கே ஏறும். கடல் கலங்கி, கரை மணலை அலை அரித்துக்கொண்டு போய்விடும். கரையோரக் கடைகள் பாதிக்கு மேல் மூடியிருக்கும். விசைப்படகுகளுக்கும் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. கோகர்ணம் இருக்கிற கர்நாடகக் கரையில் மழை இன்னும் மோசம். வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் கரை அது, பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலு மாதத்துக்குள்ளேயே. அங்கே கடற்கரைக் குடில்களையே மழைக்கு முன் பிரித்து வைத்துவிட்டு, மழை விட்ட பிறகுதான் திரும்பக் கட்டுகிறார்கள்.

நம் பக்கத்தில் வைகாசியிலும் ஆனியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் அதிகம். மேற்குக் கரை மழையும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். தருமபுரியில் அப்போது பல நாள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், அங்கே அடைமழை என்பது தோன்றவே தோன்றாது. அதனால் இடத்துக்கு முன் மாதத்தைப் பாருங்கள். அந்த மாதங்களில் கடல்தான் வேண்டுமென்றால் கிழக்குக் கரை பக்கம் யோசிக்கலாம், புதுச்சேரியோ தரங்கம்பாடியோ. வெயில் சுடும், சாயங்காலம் ஒரு இடிமழை வந்தாலும் வரும், ஆனால் நாள் முழுக்க அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அது தலைகீழ். வடகிழக்கு மழையும் புயலும் கிழக்குக் கரைக்கு.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஆனியில் முடியாது. ஆடி பிறந்ததும் என்னை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். ஆவணி முழுக்க விருந்து. அவருடைய அக்கா வீடு, சித்தப்பா வீடு, என் பெரியம்மா வீடு என்று ஞாயிறு தவறாமல் கோழி அடித்தார்கள். மிச்சம் இருந்தது புரட்டாசி. எங்கள் வீட்டில் புரட்டாசி அவ்வளவு கெடுபிடி இல்லை. அவர் வீட்டில் அந்த மாதம் முட்டை வாசனைகூட வாசல் தாண்டாது. கடற்கரைக்குப் போய் மீன் சாப்பிடாமல் வருவதா என்று இருவரும் கணக்குப் போட்டோம். புரட்டாசி 28 ராத்திரி கிளம்பினால் நாலாம் நாள் ஐப்பசி பிறந்துவிடும். அந்த ஒரு நாளுக்காகவே தேதி குறித்தோம். அக்டோபர் நடுவாக்கில் வருகிற தேதி.

தேதி முடிவாகியும் இடம் முடிவாகவில்லை. அக்டோபர் என்றால் மழைக் கணக்கு கோகர்ணத்துக்குச் சாதகம். அங்கே தென்மேற்கு மழை ஓய்ந்து மலையெல்லாம் பச்சையாக இருக்கும். தெற்குக் கேரளத்துக்கோ இரண்டாம் சுற்று உண்டு. துலாவர்ஷம் என்பார்கள். காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும், மதியத்துக்கு மேல் கிழக்கே மலைப்பக்கத்திலிருந்து கருமேகம் திரண்டு வந்து இடியும் மின்னலுமாக ஒரு பாட்டம் கொட்டிவிட்டுப் போகும். வர்க்கலாவில் பார்க்க வேண்டியதே சூரியன் மறைவது. மழையோ சரியாக அந்த நேரத்துக்குத்தான் வரும். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது சித்தி ஒரு கேள்வி கேட்டார். சித்தியும் சித்தப்பாவும் இருபது வருடத்துக்கு முன் ஊட்டிக்குப் போனவர்கள். "காலைல பார்க்கு, சாயங்காலம் போட்டு. மத்தியானம் மூணு மணிக்கு என்ன பண்றதுன்னு தெரியாம ரெண்டு பேரும் ரூம்ல உக்காந்து டிவியில விளம்பரம் பார்த்தோம்டி. அவருக்கும் எங்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியல, எனக்கும் தெரியல. நீங்க போற இடத்துல மூணு மணிக்கு என்ன பண்ணுவீங்க?"

சிரித்துவிட்டுப் போனாலும் கேள்வி மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. காலை ஏழு மணியும் மாலை ஆறு மணியும் எந்தக் கடற்கரையிலும் அழகுதான். படங்களும் அந்த நேரத்தில் எடுத்தவைதான். மதியம் சாப்பிட்டு முடித்து, மணல் சுட்டு, தூக்கமும் வராமல், ஆறு மணி வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறதே, அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. வீட்டில் பார்த்து முடித்த கல்யாணத்தில் அந்த மூன்று மணி நேரம் ரொம்ப நீளம்.

அன்று இரவு போனில் அவரிடம் கேட்டேன். ஆளுக்கொரு பேப்பரில் எழுதினோம். கோகர்ணத்தில் மூன்று மணிக்கு என்ன? கடற்கரைகள் அங்கே தனித்தனியாகக் கிடக்கின்றன. ஊர்க் கடற்கரை, அதற்குத் தெற்கே குட்லே, பிறகு ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று வரிசையாக. ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் குன்று ஏறி இறங்க வேண்டும், இல்லையென்றால் படகு. மூன்று மணி வெயிலில் அந்தக் குன்றில் நிழல் கிடையாது. வர்க்கலாவில்? செம்மண் பாறை விளிம்பில் ஒரே நடைபாதை, அதை ஒட்டி வரிசையாகக் கூரை போட்ட கடைகள். ஒரு டீயை வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்து கீழே கடலைப் பார்க்கலாம். மழை வந்தால் அதே நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்க்கலாம். இரண்டு பேர் பேப்பரிலும் அதுதான் இருந்தது. நான் கேட்ட கேள்வியே என் ஊரைத் தோற்கடித்தது. வர்க்கலா என்று முடிவானது.

டிக்கெட் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையமே இல்லை. தருமபுரியில் உண்டு, ஆனால் நாங்கள் ஏறியது சேலத்தில். பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் நடுராத்திரி வாக்கில் சேலம் வந்து, மறுநாள் மதியத்தை ஒட்டி வர்க்கலாவில் இறக்கிவிடும். அந்த நிலையத்துக்கு வர்க்கலா சிவகிரி என்று பெயர். தருமபுரியிலிருந்து சேலம் அறுபத்தைந்து கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, திறந்த அன்றே போட்டுவிடுவது நல்லது. கல்யாணம், விருந்து என்கிற மும்முரத்தில் எங்களைப் போல இதை மறந்துவிட்டால் மேல் படுக்கை ஒன்று, வேறு பெட்டியில் பக்கவாட்டுப் படுக்கை ஒன்று என்று கிடைக்கும். புது மாப்பிள்ளையும் பெண்ணும் எஸ் 4-க்கும் எஸ் 7-க்கும் நடுவில் வாட்ஸ்ஆப்பில் பேசிக்கொண்டு போனோம்.

ரூம் விஷயத்தில்தான் ஏமாந்தோம். "கடல் தெரியும் அறை" என்று போட்டிருந்தார்கள். கதவைத் திறந்து ஜன்னலுக்குப் போனால் எதிரே ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு தென்னை. தென்னைக்கும் தொட்டிக்கும் நடுவில், நான் இடது பக்கம் சாய்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டால், புடவைக் கரை அகலத்துக்கு நீலம் தெரிந்தது. பொய் சொல்லவில்லை, கடல் தெரிந்தது. அவர் சண்டை போடலாமா என்று கேட்டார். பன்னிரண்டு மணி நேரப் பயணக் களைப்பில் நான் வேண்டாம் என்றேன். இப்போது ரூம் போடுவதற்கு முன் நான் போன் செய்து, "அந்த ரூம் ஜன்னல்ல நின்னு வீடியோ கால் போடுங்க" என்கிறேன். நல்ல இடத்துக்காரர்கள் போடுகிறார்கள். போடாதவர்களிடம் போக வேண்டாம்.

இன்னொன்று, ஆதார். என் அட்டையில் அப்பா பெயரும் பாலக்கோடு முகவரியும். அவர் அட்டையில் காவேரிப்பட்டணம். வரவேற்பில் இருந்த பையன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அந்தப் பார்வை போதும். இவர் சட்டென்று போனில் இருந்த மாலை மாற்றும் படத்தை எடுத்து நீட்டினார். பையன் சிரித்துவிட்டான். திருமணப் பதிவுச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அதன் படம் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தைப் பார்த்ததால் ஒரு விளைவு. ராத்திரி வெளியே போய்விட்டு வந்தால் கட்டில் மேல் துண்டால் செய்த இரண்டு அன்னம், ரோஜா இதழ், ஒரு சின்ன கேக். கேக்கில் முட்டை. புரட்டாசி 29. இவர் கேக்கைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "அத்தைக்குத் தெரியாது" என்றேன். "எனக்குத் தெரியுமே" என்றார். கடைசியில் மேலே இருந்த செர்ரியை மட்டும் ஆளுக்குப் பாதி சாப்பிட்டுவிட்டு மீதியை அந்தப் பையனிடமே கொடுத்தோம். அவருடைய மனசை நான் முதன்முதலாகக் கொஞ்சம் அளந்து பார்த்தது அந்த ராத்திரிதான். யாரும் பார்க்காத இடத்திலும் அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுகிற ஆள். இது நல்லதா, இனிமேல் கஷ்டமா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தெரியும்.

வர்க்கலாவின் குன்று படத்தில் பார்ப்பதைவிட நேரில் வேறு மாதிரி. கேரளக் கரை பெரும்பாலும் தட்டையாகவே ஓடுவது. இங்கேயோ செக்கச் செவேலென்று செங்குத்தாகக் கடலோரம் நிற்கிறது. மேலே செம்பூரான் கல், கீழே மணற்பாறையும் களிமண்ணும் அடுக்கடுக்காக. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதை நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. மேலே பெய்யும் மழை செம்பூரானில் ஊறி இறங்கி, அடியில் களிமண் தட்டியதும் குன்றின் பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. உப்புக் கடலுக்குப் பத்தடி தள்ளி நல்ல தண்ணீர்! ஒகேனக்கல்காரியான எனக்கு அருவி தெரியும், ஆனால் இது புதுசு. அதே கசிவுதான் குன்றை உதிர்க்கவும் செய்கிறது. விளிம்பில் எல்லா இடத்திலும் தடுப்பு இல்லை. மழை பெய்த அன்று குன்றின் அடியில் துண்டு விரித்து உட்காரும் ஆட்களைப் பார்த்தேன், எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இரண்டாம் நாள் காலை ஒரு கண்டம். அவர் நல்ல நீச்சல்காரர். காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்புக் கிணற்றில் பம்ப்செட் ரூம் மேலிருந்து குதித்து வளர்ந்தவர். கடலைக் கண்டதும் அதே தைரியம். எல்லோரும் அலை அடிக்கும் இடத்தில் நிற்க, இவர் அலையே இல்லாத அமைதியான ஒரு இடமாகப் பார்த்து இறங்கினார். இடுப்பளவு போனதும் உயிர்க்காவலர் விசில் அடித்தார். ஒரு விசில் இல்லை, விடாமல். ஓடி வந்து இவரைக் கையைப் பிடித்து இழுத்து மணலில் உட்கார வைத்து, பாதி மலையாளமும் பாதி தமிழுமாகத் திட்டினார். அப்புறம் விளக்கியும் சொன்னார். அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போக வாய்க்கால் மாதிரி ஒரு வழி பண்ணிக்கொள்ளுமாம். அந்த வழியில் அலை உடையாது, பார்க்க அமைதியாகத் தெரியும். ஆளை உள்ளே இழுப்பது அதுதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுத் தம் கட்டக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த வாய்க்காலை விட்டு வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். கிணற்றில் எந்தப் பக்கம் போனாலும் கைக்குச் சுவர் கிடைக்கும். கடலில் கிடைக்காது. நம் ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் கிணற்று நீச்சல்காரர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சிவப்புக் கொடி நட்டிருந்தால் கணுக்காலோடு நின்றுவிடுங்கள்.

எனக்கு வந்த கஷ்டம் சின்னது, ஆனால் மூன்று நாள் விடவில்லை. மெட்டி. வீட்டில் சிமெண்டுத் தரையில் நடக்கும்போது தெரியாது. ஈரமணலில் அரை மணி நேரம் நடந்ததும் மெட்டிக்கும் விரலுக்கும் நடுவில் மணல் புகுந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு அடிக்கும் உப்புத்தாள் தேய்ப்பது போல. சாயங்காலம் பார்த்தால் இரண்டாம் விரலைச் சுற்றி வளையமாகத் தோல் உரிந்திருந்தது. கழற்றவும் மனசு வரவில்லை, கழற்றாமல் நடக்கவும் முடியவில்லை. மருந்துக் கடையில் ஒட்டுப் பட்டை வாங்கி மெட்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டு நொண்டினேன். தாலிக் கயிற்றை உள்பக்கமாக ஊக்கு போட்டு நிறுத்தச் சொல்லி அம்மா அனுப்பியிருந்தாள், அது உதவியது. மெட்டியை அவளும் யோசிக்கவில்லை. நகையைப் பொறுத்தவரை தாலியும் ஒரு சின்னத் தோடும் போதும். மீதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

மூன்று மணி? முதல் நாள் மூன்று மணிக்குத் தூங்கினோம். விருந்து விருந்தாக அலைந்த இரண்டு மாதத் தூக்கம், எழுந்தபோது இருட்டிவிட்டது. இரண்டாம் நாள் அந்தக் கடை வரிசையில் ஒன்றில் உட்கார்ந்தோம். நாலு மணிக்கு மேகம் ஏறியது. கடைக்காரர் பிளாஸ்டிக் திரையை இறக்கிக் கட்டினார், கரண்ட் போனது. மின்னல் ஒன்று கடல் மேல் நேராக இறங்கியதைப் பார்த்தோம். ஏழு மணி வரை வெளியே போக வழியில்லை. கட்டன் சாயா, பழம்பொரி, திரும்பக் கட்டன் சாயா. அவருடைய அப்பா ஒரு வருடம் மாங்கூழ் ஆலைக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிவிட்டுப் பணம் வராமல் அலைந்த கதை, அந்த வருடம்தான் இவர் இன்ஜினீயரிங் சேராமல் ஐ.டி.ஐ. சேர்ந்தார் என்பது, எல்லாம் அன்றுதான் வெளியே வந்தது. நான் தக்காளி விலை விழுந்த வருடத்தில் அப்பா வண்டியோடு சாலையில் கொட்டிவிட்டு வந்ததைச் சொன்னேன். தேனிலவில் பேச வேண்டிய பேச்சா என்று கேட்கலாம். எங்களுக்கு வேறு பேச்சு தெரியவில்லை. சூரியன் மறைவதை அந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் பார்த்தோம்.

மூன்றாம் நாள் ஆட்டோ எடுத்து ஒரு சுற்று. சிவகிரியில் நாராயண குரு சமாதி, அங்கிருந்து காப்பில் என்கிற கடற்கரை. 1928-ல் குரு மறைந்த இடம் சிவகிரி. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 1 வரை மஞ்சள் உடுத்திய யாத்திரைக் கூட்டம் அங்கே வரும், புத்தாண்டுக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், அந்த வாரம் மட்டும் வர்க்கலா வேண்டாம். காப்பிலில் ஒரு பக்கம் காயல், மறு பக்கம் கடல், நடுவில் ஒரு ரோடு. அங்கே கூட்டமே இல்லை. யாரும் "ஏறுங்க" என்று கத்தவில்லை. ஆட்டோக்காரர் வண்டியிலேயே தூங்கிவிட்டார்.

நாலாம் நாள் காலை பல் தேய்ப்பதற்கு முன்பே அவர் கேட்டார், "இன்னைக்கு ஐப்பசி ஒண்ணுதானே?" மதியம் நெய்மீன். நம் வஞ்சரத்தைத்தான் அங்கே நெய்மீன் என்கிறார்கள். கடைகள் மீனை ஐஸ் மேல் வாசலிலேயே அடுக்கியிருப்பார்கள், கை காட்டினால் எடை போட்டுச் சமைப்பார்கள். எடைக்கு என்ன விலை, சமையல் கூலி அதில் அடக்கமா என்று முதலிலேயே கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, அந்த ஒரு மீனுக்குக் கொடுத்ததில் இரண்டு வேளைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கலாம். ஒரு மாத விரதத்துக்கு அது தகும் என்று அவர் சொன்னார். நானும் மறுக்கவில்லை.

மொத்தம் இருவருக்கும் 24,000 ரூபாய் ஆனது. அதில் அறை மட்டும் நாலு இரவுக்கு 11,200.

கோகர்ணத்துக்கு ஒரு தை விட்டு அடுத்த தையில் போனோம். ஓசூரில் குடியிருப்பதால் அதுவும் சுலபம், பெங்களூரு போய் கார்வார் ரயில். கோகர்ணா ரோடு நிலையத்திலிருந்து ஊர் தள்ளித்தான் இருக்கிறது, ஆட்டோ பேச வேண்டும். தை மாதம் மழைப் பேச்சே இல்லை, நாலு நாளும் சூரியன் ஒழுங்காகக் கடலில் இறங்கியது. மகாபலேஸ்வரர் கோயிலுக்கு ஆண்கள் வேட்டி கட்டி, சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மாமா வேட்டியை நினைவாகக் கொடுத்தனுப்பியிருந்தார். இராவணன் கையிலிருந்த ஆத்மலிங்கத்தைப் பிள்ளையார் கீழே வைத்துவிட்ட கதை நடந்த இடம் என்பதால் பக்கத்திலேயே பிள்ளையாருக்கும் தனிக் கோயில். சிவராத்திரிக்கு ஊரே நிறைந்துவிடும் என்றார்கள்.

அழகு என்று பார்த்தால் கோகர்ணம்தான். குட்லேயிலிருந்து குன்று ஏறி ஓம் கடற்கரையை மேலிருந்து பார்த்தபோது, தோழி அனுப்பிய படம் அதில் பாதிகூட இல்லை என்று தோன்றியது. ஆனால் அங்கே ஒவ்வொரு மணி நேரமும் ஏதாவது முடிவு செய்ய வேண்டும். நடக்கலாமா, படகா? இந்தக் கரையில் சாப்பிடலாமா, அடுத்ததிலா? இருட்டுவதற்குள் குன்று தாண்டித் திரும்பிவிடுவோமா? எனக்குக் கால் வலி, அவருக்குப் பாரடைஸ் வரை போயே ஆக வேண்டும். ஹாஃப் மூனுக்கு இந்தப் பக்கம் ஒரு பாறை மேல் நின்று, தண்ணீர் பாட்டில் யார் எடுத்துவரவில்லை என்று பத்து நிமிடம் சண்டை போட்டோம். நல்ல சண்டை. கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்ததால் எப்படி முடிக்க வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அதே பாறையில் புதுசாக நின்றிருந்தால் நான் வாயைத் திறக்காமல் நடந்திருப்பேன், ராத்திரி தலையணையில் அழுதிருப்பேன். அதனால் என்னைக் கேட்பவர்களுக்கு முதலில் வர்க்கலா, பிறகு கோகர்ணம் என்கிறேன். காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள், நடக்கப் பிடித்தவர்கள், ஏற்கெனவே நாலு சண்டை பார்த்தவர்கள் நேராகக் கோகர்ணமே போகலாம்.

போன வாரம் தம்பி போன் செய்தான். தையில் அவனுக்குக் கல்யாணம், பெண் மத்தூர் பக்கம். "அந்தமானா, கோகர்ணமா, நீயே சொல்லுக்கா" என்றான். மாதம் பிரச்சினை இல்லை, இரண்டுக்கும் தை நல்ல மாதம். அந்தமான் என்றால் விமானம், கப்பல், செலவு என்று பேசிக்கொண்டே வந்து, கடைசியில் சித்தியின் கேள்வியைப் போட்டேன். "ரெண்டு பேரும் மத்தியானம் மூணு மணிக்கு அங்க என்னடா பண்ணுவீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தூங்குவோம்க்கா. அவளும் அதான் சொல்றா" என்றான்.

"அப்ப கடலை விடு. ஜன்னலுக்கு நல்லாத் திரை போட்ட ரூமாப் பாரு" என்றேன்.